பேச்சில் நிற்கும் கோல்கள்: வடசென்னை ரசிகர்களும் அவர்களின் கால்பந்து அணிகளும்

2015 டிசம்பர் 20 இரவு கோவாவில் நடந்த ஆட்டத்தைப் பற்றி வடசென்னை மூலக்கொத்தளத்தில் பந்து பார்க்கிறவர்களிடம் கேட்டால், கோல் விழுந்த வரிசை பிசகாமல் சொல்வார்கள். புருனோ பெலிசாரி பெனால்டி அடித்தார். கீப்பர் கட்டிமணி தடுத்தார். தெறித்து வந்த பந்தை பெலிசாரியே மறுபடி அடித்து உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் ஹவோகிப் சமன் செய்தார். அடுத்து மெண்டோசாவுக்கு ஒரு பெனால்டி. அதையும் கட்டிமணி பிடித்துவிட்டார். 87-ஆம் நிமிடம் ஜோஃப்ரேயின் ஃப்ரீ கிக், கோவா 2-1. அதோடு சரி என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்களும் உண்டு. 90-ஆம் நிமிடம் பந்து கட்டிமணியின் கையில் பட்டு அவர் கோலுக்குள்ளேயே விழுந்தது. மூச்சு விடுவதற்குள், கூடுதல் நேரத்தில் மெண்டோசா. 3-2. சென்னையின் எஃப்.சி.க்கு முதல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை.

இதைச் சொல்பவர்கள் பந்தோடு சேர்த்துத் தண்ணீரையும் சொல்வார்கள். அந்த டிசம்பரின் முதல் இரண்டு நாட்களில்தான் சென்னை மூழ்கியது. வியாசர்பாடியிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையோரத்திலும் வீட்டுச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றியவர்கள், தண்ணீர் வடிந்து சேறு அள்ளி முடிப்பதற்குள் அரையிறுதி வந்துவிட்டது. நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அந்த ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று கொல்கத்தா அணியை அங்கே 3-0 என்று அடித்தார்கள். அடுத்து கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிக்குப் போனார்கள். சொந்த ஊர் அரையிறுதியை ஊர்க்காரர்களால் சொந்த ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் வடசென்னையில் அந்தக் கோப்பைக்கு இருக்கிற பாசம் வேறு எந்தக் கோப்பைக்கும் இல்லை. வெள்ளமும் வெற்றியும் அவர்கள் பேச்சில் ஒரே சம்பவம். லீக் சுற்றின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி மேலேறி வந்ததையும், சேற்றிலிருந்து தெரு எழுந்து வந்ததையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

சில வருடங்களாக இந்தப் பேச்சுகளைக் காது கொடுத்துக் கேட்டுவருகிறேன். ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. வடசென்னையின் கால்பந்து வரலாற்றை அணிகள் காப்பாற்றவில்லை. அலுவலக அணியோ தொழில்முறைக் கிளப்போ, எதுவானாலும் நேற்று ஆடியதை நாளைக்கு எடுத்துச் சென்றது ரசிகர்களின் வாய்தான். ஆகவே அந்த வாய்ப்பேச்சு எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்று பார்ப்பது ஆய்வாளர்களின் வேலை.

நினைவைப் பற்றி உளவியலில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பரம எதிரிகளான இரண்டு அணிகள், 2003-இலும் 2004-இலும் அடுத்தடுத்து ஆளுக்கொரு முறை வென்றன. பல வருடம் கழித்து, இரண்டு பக்கமும் சேர்த்து 1,500க்கும் மேற்பட்ட ரசிகர்களிடம் அந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றியும் கேட்டார்கள் பிரெஸ்லின், சேஃபர் என்ற இரு ஆய்வாளர்கள். தங்கள் அணி வென்ற ஆட்டத்தைத்தான் மக்கள் கூடுதல் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். காரணம், வென்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நினைக்கிறோம், பேசுகிறோம், பார்க்கிறோம். தோற்றதைத் தொடுவதில்லை. 2011-இல் வெளிவந்த ஆய்வு இது. இதற்கு வெகுகாலம் முன்பே, 1925-இல், பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் வேறு கோணத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார்: தனியாள் நினைவு என்று நாம் நினைப்பதெல்லாம், நம்மைச் சுற்றி அதைப் பேச ஒரு கூட்டம் இருக்கும்வரைதான் நிற்கும்.

நம் ஊர்க் கணக்கை இதோடு ஒத்துப் பார்த்தால் பாதி பொருந்துகிறது, பாதி இடிக்கிறது. 2020 மார்ச் 14 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓவன் காயில் பயிற்சியில் சீசனின் பின்பாதியில் சீறி எழுந்த அணி அது. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டார். ஆனால் கொரோனா வந்துவிட்டது. ஆளில்லாத ஃபதோர்தா ஸ்டேடியத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த ஒரே கோலை யார் போட்டார் என்று கேட்டால், தீவிர ரசிகர்களே யோசிக்கிறார்கள். வால்ஸ்கிஸ்தான். ஆய்வு சொன்னபடி தோல்வி மறந்துவிட்டது.

அப்படியானால் 2014 டிசம்பர் 16 ஏன் மறக்கவில்லை? ஐ.எஸ்.எல். தொடங்கிய முதல் வருடம், கேரளா பிளாஸ்டர்ஸோடு அரையிறுதி. கொச்சியில் 3-0 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு வந்த அணி, நேரு ஸ்டேடியத்தில் அதே மூன்று கோலைத் திருப்பிக் கொடுத்தது. சில்வெஸ்த்ரே ஒன்று, ஜிங்கன் காலில் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போனது ஒன்று, 90-ஆம் நிமிடத்தில் ஜேஜே ஒன்று. ஸ்டேடியமே எழுந்து நின்றது. கூடுதல் நேரமும் முடியப்போகிற கட்டத்தில், 117-ஆம் நிமிடம், பியர்சன் ஒரு கோல் போட்டு கேரளாவை இறுதிக்குக் கூட்டிப்போய்விட்டார். இது சுத்தமான தோல்வி. ஆனாலும் அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்தவர்கள், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், யார் அழுதார்கள், திரும்பும்போது எந்த வழியாக நடந்தார்கள் என்பதுவரை சொல்கிறார்கள். என் முடிவு இது: வெற்றி தோல்வியைவிட, ஆட்டம் நடந்தபோது கூட்டமாக அங்கே இருந்தோமா என்பதே பெரிது. இல்லாவிட்டால் 2015 வெள்ளம் போல, அந்த ஆட்டத்தைக் கட்டிவைக்க எல்லோருக்கும் பொதுவான வேறொரு அனுபவம் வேண்டும். 2020-இல் இரண்டுமே இல்லை. வீட்டுக்குள் அடைபடப்போகிற பயம்தான் இருந்தது.

கூட்டமாகப் போவது மூலக்கொத்தளத்துக்காரர்களுக்குப் பெரிய காரியம் அல்ல. பேசின் பாலத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற ஊர். வால்டாக்ஸ் சாலையில் நேரே நடந்து சென்ட்ரலைத் தாண்டினால் நேரு ஸ்டேடியம். பஸ்ஸுக்குக் காசு இல்லாத காலத்தில் நடந்தே போனதாகச் சொல்லும் பெரியவர்களை இந்தப் பகுதியில் எளிதில் பார்க்கலாம். அவர்கள் போனது சென்னையின் எஃப்.சி.யைப் பார்க்க அல்ல. அது 2014-இல் வந்த அணி. அவர்களுடைய ஞாபகத்தில் இருப்பவை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி ஆகிய அலுவலக அணிகள்.

அந்த அணிகள் எப்படி நடந்தன என்பதை இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். கிளப் என்று தனியாக ஒன்றும் கிடையாது. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம் அல்லது ஒர்க்‌ஷாப், லீக் சீசனில் ஆட்டத்துக்கு அனுமதி. முப்பது வயது தாண்டி முட்டி தேய்ந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து ஓய்வுபெறும்வரை சம்பளம் வாங்கலாம். பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம். 1955 அக்டோபரில் பெரம்பூரில் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., அதற்கும் முன்பிருந்தே அங்கிருந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்புகள், ராஜாஜி சாலையில் துறைமுக நிர்வாகம், அதே சாலையில் இந்தியன் வங்கியின் தலைமையகம் என்று வேலை தருகிற இடமெல்லாம் வடசென்னையைச் சுற்றியே இருந்தன. ஆகவே இந்தப் பகுதியில் பந்தாட்டம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, குடும்பத்தைக் கரையேற்றும் வழியாகவும் இருந்தது. ஒரு தெருவில் ஒருவர் ஐ.சி.எஃப். அணிக்குள் நுழைந்துவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தத் தெருப் பையன்கள் எல்லோர் காலிலும் பந்து இருக்கும்.

இதனாலேயே அந்தத் தலைமுறை ரசிகர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இளைஞர்கள் ஆட்டத்தின் தேதியையும் ஸ்கோரையும் சொல்வார்கள். பெரியவர்கள் ஆளைச் சொல்வார்கள். இன்னாருடைய மகன், இந்தத் தெரு, இடது காலால் மட்டும்தான் அடிப்பான், ரயில்வேயில் சேர்ந்தான், பெரம்பூரில் வீடு கட்டினான் என்று போகும். எந்த வருடம் எந்தக் கோப்பை என்று கேட்டால் மழுப்புவார்கள். அது அவர்கள் ஞாபகத்தின் குறையல்ல. அவர்கள் அணியைக் கோப்பைகளால் அளக்கவில்லை, அது யாருக்கு வாழ்க்கை கொடுத்தது என்பதால் அளந்தார்கள்.

தேதி சொல்லிப் பேசுகிற பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1993 நேரு தங்கக் கோப்பை. பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் புதிதாக எழுப்பிய நேரு ஸ்டேடியத்தில், வெளிநாட்டு அணிகள் வந்து ஆடின. வட கொரியா கோப்பையைத் தூக்கியது. வெள்ளை வெளேரென்ற விளக்கு வெளிச்சத்தில் முதன்முதலாகச் சர்வதேச அணிகளைப் பார்த்த வடசென்னைப் பையன்கள் இன்று ஐம்பதைத் தொட்டுவிட்டார்கள். கோப்பையை வென்றது யார் என்பதைக்கூடத் தவறாகச் சொல்பவர்கள், கொரியர்கள் ஓடிய ஓட்டத்தை மட்டும் எழுந்து நின்று நடித்தே காட்டுகிறார்கள்.

அலுவலக அணிகளில் தேசிய அளவுக்குப் போனது இந்தியன் வங்கி. 1996-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், கோவா கிளப்புகளோடு மோதிய சென்னை அணி அது. சபீர் பாஷா அந்த அணியின் ஃபார்வர்ட், இந்தியாவுக்கும் ஆடியவர். இருபது வருடம் கழித்து அவரே சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளராக வந்து உட்கார்ந்தார். 2022-இல் சிறிது காலம் தலைமைப் பயிற்சிப் பொறுப்பையும் பார்த்தார். பழைய காலத்துக்கும் புதிய காலத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற பாலம் இந்த ஒரு மனிதர்தான். மற்றபடி ஐ.எஸ்.எல். வந்தபோது ஊரின் கால்பந்து அன்றுதான் பிறந்தது போலவே விளம்பரம் செய்தார்கள். மட்டெராட்ஸி, நெஸ்டா, எலானோ என்று உலகக் கோப்பை ஆடியவர்கள் வந்து இறங்கினார்கள். ரசிகர்கள் ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று குழு சேர்ந்து நீலச் சட்டை போட்டுக்கொண்டு பாட்டுக் கட்டினார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த நீலச் சட்டைக்குள் வடசென்னை எங்கே இருந்தது?

2018 மார்ச் 13 அன்று இருந்தது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியம். கோவாவில் 1-1. முதல் அரைமணி நேரத்துக்குள் ஜேஜே ஒன்று போட்டார். சில நிமிடத்தில் இன்னொன்று விழுந்தது. போட்டவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். நடுக்களத்தில் எதிராளியைத் தடுத்துப் பந்தைப் பிடுங்குவதுதான் அவர் வேலை. கோல் போடுவது அபூர்வம். அந்த ஸ்டேடியத்திலிருந்து அவர் பிறந்து வளர்ந்த இடம் சில கிலோமீட்டர்தான். கடைசியில் ஜேஜே மறுபடியும் ஒன்று போட, 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரில், சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்ட பிறகும், மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னரில் இருந்து தலையால் முட்டிய இரண்டு கோலும் ரபாயேல் அகஸ்டோ போட்ட ஒன்றுமாக 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையை எடுத்துவந்தார்கள்.

பத்திரிகைக் கணக்கில் பெரிய ஆட்டம் பெங்களூர் இறுதிதான். வடசென்னைக் கணக்கில் அரையிறுதி. கேட்டால் “கணேஷ் போட்ட மேட்ச்” என்றுதான் சொல்வார்கள். ஜேஜே அன்று இரண்டு கோல் போட்டதை நாம்தான் நினைவூட்ட வேண்டும். இதைப் பக்கச்சார்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொழில்முறைக் கிளப்பின் சொந்தக்காரர்கள் வேறு ஊரில் இருப்பவர்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு சீசனும் மாறுகிறவர்கள். அந்த அணியை ‘நம்மது’ ஆக்கிக்கொள்ள ரசிகனுக்கு ஒரு பிடி வேண்டும். பழைய பெரியவர்கள் ஐ.சி.எஃப். அணியில் தெருப் பையனைத் தேடிய அதே கண்ணோடுதான் பேரப்பிள்ளைகள் சென்னையின் எஃப்.சி.யில் வியாசர்பாடியைத் தேடினார்கள். 2014-க்கு முன்னும் பின்னும் அறுபடாமல் வருகிற நூல் அதுதான்.

அறுபட்ட நூலுக்கும் உதாரணம் சொல்ல வேண்டும். 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் அந்த அணியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இரண்டே வருடம். 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. பெயரில் சென்னை இருந்தாலும் அவர்கள் ஆடியது கோயம்புத்தூரில். பட்டம் வென்ற ஆட்டமும் அங்கேதான். ஆகவே மூலக்கொத்தளத்தில் அந்த வெற்றியைச் சொல்ல ஆளில்லை. கிளப்பும் இல்லை, சொல்லும் கூட்டமும் இல்லை என்றால், பட்டம் இருந்து என்ன? எங்கோ ஒரு பட்டியலில் ஒரு வரியாக இருக்கும்.

கொல்கத்தாவைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படை அணியை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்த நாளை இன்றுவரை மோகன் பகான் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதைப் பற்றிப் புத்தகம் உண்டு, சினிமா உண்டு. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு கொண்டாடியது. கிளப் தொடர்ந்து இருப்பதால் ஞாபகத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்த ஊர்க் கதைக்குள் நம்மவர்களும் நுழைந்துகொண்டே இருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை 1-0 என்று சாய்த்து, ஈஸ்ட் பெங்காலின் நெடுநாள் தோல்விக் கணக்கை முடித்துவைத்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். அந்த கோலை ஈஸ்ட் பெங்கால் ஐம்பது வருடம் கழித்தும் சொல்லும். சென்னையில் யார் சொல்வார்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தியா ஒலிம்பிக்கில் கடைசியாகப் போட்ட கால்பந்து கோல், 1960 ரோமில் பெருவுக்கு எதிராக, தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ் போட்டது. அதை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

ரசிகர்களின் பேச்சைப் புகழ்ந்துகொண்டே போவதும் நியாயமில்லை. அது பெண்களை அப்படியே விட்டுவிடுகிறது. தனபால் கணேஷ் கோல் போட்டதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டத்தை முதன்முறையாக எடுத்தது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வீழ்த்துவது என்ன காரியம் என்பது பந்து தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2023-இல் மறுபடியும் வென்றார்கள். ஆண்கள் அணிக்குக் கிட்டாத உயரம் அது. டீக்கடைப் பேச்சில் அது வருவதே இல்லை. வடசென்னை மைதானங்களில் இன்று பெண் பிள்ளைகள் பூட்ஸ் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுக்கு அந்த 2018 பிப்ரவரியைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

இந்தப் பகுதிக்கென்று ஞாபகம் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு: நினைவுக் கோப்பை. நண்பன் ஒருவன் விபத்திலோ நோயிலோ போய்விட்டால், அவன் படத்தைப் போட்டு போஸ்டர் அடித்து, அவன் பெயரில் ஐவர் அல்லது எழுவர் கால்பந்துப் போட்டி வைப்பார்கள். கண் கூசும் விளக்குகள், சாக்குப் பையில் கொண்டுவந்த சுண்ணாம்பால் இழுத்த கோடு, ஓரத்தில் மைக் பிடித்த அண்ணன் ஒருவர், மேசைமேல் வரிசையாகக் கோப்பைகள். இரவு முழுக்க நடக்கும். இடையில் இறந்தவன் எப்படி ஆடினான் என்று மைக்கில் சொல்வார்கள். யாருக்கு பாஸ் கொடுப்பான், எந்த மேட்சில் ரெட் கார்டு வாங்கினான் என்பதெல்லாம் அதில் வரும். அடுத்த வருடமும் வைப்பார்கள். அதற்கடுத்த வருடமும். நண்பர்களுக்கு வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று வந்து ஐந்தாறு வருடத்தில் கோப்பை நின்றுவிடும். ஃப்ளெக்ஸ் வெளுத்துக் கிழியும். தெருவைவிட்டுக் குடும்பங்களைக் கிளப்பிவிட்டால் இன்னும் சீக்கிரம் நிற்கும். வடசென்னையில் அது அடிக்கடி நடப்பதுதான்.

மூலக்கொத்தளத்து இடுகாட்டில் தாளமுத்துவுக்கும் நடராசனுக்கும் நினைவிடம் இருக்கிறது. 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்டவர்கள். அவர்கள் பெயரை நாடு மறக்காததற்குக் காரணம், ஒரு இயக்கம் அதை எழுதிவைத்தது, ஒவ்வொரு வருடமும் அங்கே போய் நின்றது. பந்தாடியவர்களுக்குக் கல் எழுப்பு என்று நான் கேட்கவில்லை. எழுதிவைத்தால் போதும்.

எழுதுவதற்கு வேண்டியதெல்லாம் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. லீக் ஆட்டங்களின் ஸ்கோர் பழைய நாளிதழ்களில் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து புரட்டலாம். ஐ.சி.எஃப்., ரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி ஆகியவை தங்கள் ஆட்டக்காரர்கள் யார், எந்த வருடம் சேர்ந்தார்கள் என்பதைப் பணியாளர் பதிவேடுகளில் இருந்தே எடுத்துக் கொடுக்கலாம். சென்னையின் எஃப்.சி. தன் வரலாற்றை 2014-இல் தொடங்காமல், தான் ஆடுகிற ஸ்டேடியத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழகங்களில் வாய்மொழி வரலாறு படிக்கும் மாணவர்கள் ரெக்கார்டரோடு பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கொத்தளம் வந்தால், பேச ஆள் தயாராக இருக்கிறது. ஆனால் ரயில்வே அணியை நேரில் பார்த்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. காத்திருக்க நேரமில்லை.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தாவோ மாமாவோ அணியோடு நிற்கிற படம் இருந்தால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர்களின் பெயர், ஆடிய அணி, வருடம் ஆகியவற்றைக் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்துத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுத்துவையுங்கள்.